காலித் ஜமீல்: பிறர் கைவிட்ட அணிகளை ஏற்று நடத்திய பயிற்சியாளரின் பயணம்

முனிர்கா (புது தில்லி): தெற்கு தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்திருக்கும் முனிர்கா, இன்றும் கிராமம் என்றே அழைக்கப்படுகிறது. மலை மந்திர் அமைந்த ஆர்.கே.புரத்துக்கு அருகில் இருப்பதால் தில்லித் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான பகுதி இது. ஆனால் இதன் குறுகிய சந்துகளில் வாடகை அறைகளில் பெருமளவில் வசிப்பவர்கள் மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து படிக்கவும் பணிபுரியவும் வந்த இளைஞர்கள். அம்மாநிலங்களின் கால்பந்து ரசிகர்களுக்குக் காலித் ஜமீல் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி மிசோரத்தின் அய்ஸால் அணியை இந்தியாவின் லீக் சாம்பியனாக்கியவர் அவர். தமிழ் வாசகர்களில் பலர் அவர் பெயரைக் கேட்டது, 2025 ஆகஸ்ட் 1 அன்று தில்லியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அவரைத் தேசிய ஆடவர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தபோதுதான்.

அந்த அறிவிப்புக்கு ஒரு வரலாற்று முக்கியத்துவம் உண்டு. 2012-இல் சாவியோ மெடைரா விலகியதற்குப் பிறகு இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வருவது அதுவே முதல் முறை. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் நெதர்லாந்தின் விம் கூவர்மான்ஸ், இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச், ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ் என வெளிநாட்டவரே அணியை வழிநடத்தினர். இந்தியப் பயிற்சியாளர் மீது நம்பிக்கை பிறந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது எளிது. ஆனால் ஜமீலின் பணி வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தென்படுகிறது. அவருக்கு வாய்ப்புகள் வந்ததெல்லாம் அணி நெருக்கடியில் தவித்த வேளைகளில்தான்.

குவைத்திலிருந்து மும்பைக்கு

காலித் ஜமீல் 1977 ஏப்ரல் 21 அன்று குவைத்தில், பஞ்சாபைப் பூர்விகமாகக் கொண்ட இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தார். வளைகுடாப் போர் காலத்தில் அக்குடும்பம் இந்தியா திரும்பி மும்பையில் குடியேறியது. அப்போது அவர் பதின்பருவத்தின் தொடக்கத்தில் இருந்தார்.

1997-இல் மகிந்திரா யுனைடெட் அணியில் சேர்ந்த அவர், மறு ஆண்டு ஏர் இந்தியா அணிக்கு மாறினார். 2002-இல் மீண்டும் மகிந்திராவுக்குத் திரும்பினார். அந்த அணி 2005-06 பருவத்தில் தேசிய கால்பந்து லீக் பட்டத்தை வென்றது. நடுக்களத்தில் ஆடிய அவர் இந்திய அணிக்காகவும் களம் கண்டார். எனினும் அடுத்தடுத்து ஏற்பட்ட காயங்கள் அவரது ஆட்ட வாழ்க்கையைச் சுருக்கிவிட்டன.

அக்காலத்தில் இந்திய வீரர் ஒருவருக்குப் பணமும் புகழும் கிடைக்கும் இடம் கொல்கத்தாவே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு பெரும் கழகங்களும் ஜமீலை அழைத்தன. இரு கழகங்களின் சட்டைகளிலும் அப்போது மதுபான நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. சமய நம்பிக்கையின் காரணமாக அவர் இரு அழைப்புகளையும் மறுத்துவிட்டார். பின்னாளில் அதே இரு கழகங்களுக்கும் அவர் பயிற்சியாளராகச் சென்றார்.

இன்னொரு தகவலையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஜமீல் ஆடிய மூன்று அணிகளில் ஒன்றுகூட இன்று தேசிய லீக்கில் இல்லை. மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. ஏர் இந்தியா 2013-இல் ஐ-லீக்கிலிருந்து வெளியேறியது. மூன்றாவதாக அவர் சேர்ந்த மும்பை எஃப்சி 2017-க்குப் பின் களத்தில் இல்லை. நிறுவனங்களின் தயவில் இயங்கிய அணிகள் ஒவ்வொன்றாக மறைந்த காலத்தின் வீரர் அவர்.

32 வயதில் பயிற்சியாளர்

2007-இல் தொடங்கப்பட்ட மும்பை எஃப்சியில் வீரராகச் சேர்ந்த ஜமீல், 2009-இல் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அப்போது அவருக்கு வயது 32. நேற்றுவரை உடன் ஆடியவர்களுக்கு இன்று கட்டளையிடும் நிலை எந்த அணியிலும் சங்கடமானதே. ஜமீலோ ஏழு ஆண்டுகள் அங்கே நீடித்தார்.

அந்த ஏழு ஆண்டுகளில் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அணி ஒருமுறைகூட ஐ-லீக்கிலிருந்து கீழிறக்கப்படவில்லை. பெரிய நட்சத்திரங்களை வாங்க முடியாத அந்த அணிக்கு ஒவ்வொரு பருவத்தின் இலக்கும் தப்பிப் பிழைப்பதாகவே இருந்தது. நெருக்கமாக நின்று தற்காப்பது, எதிரணி பந்தை இழந்த நொடியில் நேராக முன்னேறுவது, மூலை உதை, ஃப்ரீ கிக், நீண்ட எறி ஆகியவற்றிலிருந்து கோல் தேடுவது என்ற அவரது ஆட்டமுறை அங்கேதான் உருவானது. அழகான ஆட்டம் அல்ல என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அது உண்மையே. ஆனால் 2016-இல் அவர் விலகிய பின் வந்த முதல் பருவத்திலேயே அந்த அணி கடைசி இடத்தைப் பிடித்துக் கீழிறங்கியது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

நடுக்கள வீரர்கள் பயிற்சியாளர்களாவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஸ்பெயினின் பெப் குவார்டியோலா, இத்தாலியின் கார்லோ அன்செலோட்டி, பிரான்சின் திதியே தெஷான் ஆகியோர் இவ்வரிசையில் வருபவர்கள். பெல்ஜியத்தின் நடுக்களத்தில் ஆடிய மார்க் வில்மோட்ஸ், பின்னர் அந்நாட்டின் பயிற்சியாளராகி 2014 உலகக் கோப்பையில் அணியைக் காலிறுதி வரை கொண்டு சென்றார். ஐரோப்பாவில் இத்தகையவர்களுக்குப் பெரிய கழகங்களின் கதவுகள் விரைவில் திறக்கின்றன. இந்தியாவில் 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளையும் வெளிநாட்டவரே வழிநடத்தினர். இந்தியப் பயிற்சியாளருக்குத் துணைப் பயிற்சியாளர் நாற்காலியே வழக்கமாயிற்று.

அய்ஸாலில் நடந்த அதிசயம்

மும்பையை விட்டு வந்த ஜமீலுக்குக் கிடைத்த அடுத்த அணி, ஏற்கெனவே கீழிறக்கப்பட்ட அணி. 2015-16 ஐ-லீக் பருவத்தின் முடிவில் அய்ஸால் எஃப்சி இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. கோவாவின் பழம்பெரும் கழகங்கள் லீக்கிலிருந்து விலகிக்கொண்டதால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப அந்த அணி திரும்ப அழைக்கப்பட்டது. வேறு சொற்களில் சொன்னால், அந்தப் பருவத்தில் ஆடவே தகுதியில்லை என்று கருதப்பட்ட அணி அது.

மும்பையில் தம்மிடம் ஆடிய ஜெயேஷ் ராணே, அசுதோஷ் மேத்தா உள்ளிட்ட சிலரை ஜமீல் உடன் அழைத்துச் சென்றார். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னாவும் லைபீரியாவின் ஆல்ஃபிரட் ஜார்யானும் நடுக்களத்தைத் தாங்கினர். மற்றவர்கள் பெரும்பாலும் மிசோரத்தின் இளைஞர்கள். மலைச் சரிவில் அமைந்த ராஜீவ் காந்தி மைதானத்தில் எதிரணிகள் திணறின.

பட்டத்தை முடிவு செய்த ஆட்டங்கள் இரண்டு. 2017 ஏப்ரல் 22 அன்று அய்ஸாலில் நடந்த ஆட்டத்தில், பட்டப் போட்டியில் உடன் ஓடிக்கொண்டிருந்த மோகன் பகானை அய்ஸால் 1-0 என வென்றது. இறுதிக் கட்டத்தில் ஸோமிங்லியானா ரால்ட்டே தலையால் முட்டிய கோல் அது. எட்டு நாட்களுக்குப் பின் ஷில்லாங்கில் லஜோங் அணிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்ற நிலை. தொடக்கத்திலேயே லஜோங் முன்னிலை பெற்றது. இரண்டாம் பாதியில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது.

18 ஆட்டங்களில் 11 வெற்றி, 4 சமன், 3 தோல்வி என அய்ஸால் 37 புள்ளிகள் பெற்றது. மோகன் பகானுக்கு 36. வடகிழக்கைச் சேர்ந்த ஓர் அணி தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி நிகழ்த்தியதோடு பலரும் இதை ஒப்பிட்டனர். கீழிறக்கப்பட்டு மீண்டு வந்து பட்டம் வென்றது என்ற வகையில் அய்ஸாலின் கதை இன்னும் வியப்பானது.

அந்த வெற்றிக்குப் பின் நடந்தது கசப்பானது. 2017-18 பருவத்துக்கு இந்தியன் சூப்பர் லீக்கில் புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. அந்த இடங்கள் ஏல முறையில் நிரப்பப்பட்டதால் நாட்டின் சாம்பியனான அய்ஸாலுக்கு அதில் இடமில்லை. பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்தன. தில்லியில் வாழும் மிசோ இளைஞர்களுக்கு இது கால்பந்து விவகாரம் மட்டுமாகத் தோன்றியிருக்காது. எண்ணிக்கையில் சிறிய மாநிலத்திலிருந்து வந்து, திறமையைக் காட்டிய பின்னும் வாசலில் நிற்க வைக்கப்படும் அனுபவத்தை அவர்கள் வேறு இடங்களிலும் அறிந்தவர்கள்.

கொல்கத்தாவில் சறுக்கல்

அய்ஸாலின் வெற்றி ஜமீலை ஈஸ்ட் பெங்காலுக்கு அழைத்துச் சென்றது. 2017-18 பருவத்தில் அந்த அணி ஐ-லீக்கில் நான்காம் இடம் பெற்றது. 2018 சூப்பர் கோப்பை இறுதி வரை சென்று பெங்களூருவிடம் 1-4 எனத் தோற்றது. லீக் பட்டத்துக்காக ஏங்கிக் கிடந்த கழகத்துக்கு இது போதவில்லை. 2019 ஜனவரியில் பருவத்தின் நடுவே மோகன் பகான் பொறுப்பை ஏற்ற அவரால் அந்த அணியையும் ஐந்தாம் இடத்துக்கு மேல் கொண்டு செல்ல முடியவில்லை. பெரிய கழகத்தின் ரசிகர்கள் தங்கள் அணி பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆள வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள். பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும் முறை அங்கே எடுபடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இடைக்காலப் பொறுப்பிலிருந்து நிரந்தரப் பொறுப்புக்கு

வடகிழக்கு மீண்டும் அவரை ஏற்றது. குவாஹாட்டியைச் சேர்ந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட் கழகத்தில் அவர் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2021 ஜனவரியில், பருவத்தின் பாதியில், ஸ்பெயினைச் சேர்ந்த ஜெரார்டு நூஸை நீக்கிய கழகம், அணியை இடைக்காலமாக ஜமீலிடம் ஒப்படைத்தது. அதன் பிறகு லீக் கட்டம் முடியும் வரை அந்த அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 33 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே ஏடிகே மோகன் பகானிடம் இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 2-3 எனத் தோற்றது. இந்தியப் பயிற்சியாளர் ஒருவர் இந்தியன் சூப்பர் லீக் அணியை அந்தக் கட்டத்துக்குக் கொண்டு சென்றது அதுவே முதல் முறை.

2021 அக்டோபரில் அவர் அந்த அணியின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். லீக் தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து அந்தப் பெருமை முதல்முறையாக ஓர் இந்தியருக்குக் கிடைத்தது. ஆனால் அந்தப் பருவம் மோசமாக அமைந்தது. 11 அணிகளில் பத்தாம் இடம். அத்துடன் அவரது பொறுப்பும் முடிவுக்கு வந்தது.

2023-இன் கடைசி நாளில் ஜாம்ஷெட்பூர் எஃப்சி அவரை அழைத்தது. அங்கும் இங்கிலாந்தின் ஸ்காட் கூப்பர் விலகிய இடத்தை நிரப்பும் பணிதான். 2024-25 பருவத்தில் அந்த அணி 38 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்று, வெளியேற்றுச் சுற்றில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 2-0 என வென்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மோகன் பகானை 2-1 என வீழ்த்தியது. மறு ஆட்டத்தில் கூடுதலாக வழங்கப்பட்ட நிமிடங்களில் மிசோரத்தின் லாலெங்மாவியா ரால்ட்டே அடித்த கோலால் வாய்ப்பை இழந்தது. அதே ஆண்டு மே மாதம் சூப்பர் கோப்பை இறுதியில் கோவாவிடம் 0-3 எனத் தோற்றது. கோப்பை கிடைக்காவிட்டாலும் 2023-24, 2024-25 ஆகிய இரு பருவங்களுக்கும் சம்மேளனத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கே வழங்கப்பட்டது.

தில்லியில் எடுக்கப்பட்ட முடிவு

2025 ஜூன் 10 அன்று ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் இந்தியா 0-1 எனத் தோற்றது. ஜூலை தொடக்கத்தில் மனோலோ மார்க்கெஸ் விலகினார். அவரது பொறுப்பில் நடந்த எட்டு ஆட்டங்களில் இந்தியா வென்றது ஒன்றே ஒன்று. உலகத் தரவரிசையில் இந்தியா 133-ஆம் இடத்துக்குச் சரிந்தது.

அதே ஜூலையில் இன்னொரு அடியும் விழுந்தது. சம்மேளனத்துக்கும் இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான வணிக உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பித்தல் குறித்த தெளிவு இல்லாததால் 2025-26 பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. சம்மேளனத்தின் வருவாய் கேள்விக்குறியானது. வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குப் பெருந்தொகை கொடுக்கும் நிலையில் அது இல்லை.

பயிற்சியாளர் பொறுப்புக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனாவின் முன்னாள் நடுக்கள நட்சத்திரம் சாவியின் பெயரிலும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அவர் விண்ணப்பித்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் அது போலி என்று சம்மேளனமே தெரிவித்தது. இந்தியக் கால்பந்து உலகச் செய்தியாவது இப்படியான நேரங்களில்தான் என்பது வேறு விஷயம்.

ஐ.எம்.விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு கான்ஸ்டன்டைன், ஸ்லோவாகியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச், ஜமீல் ஆகிய மூவரைப் பரிந்துரைத்தது. செயற்குழு ஜமீலைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மேலும் ஓராண்டு நீட்டிக்கும் வாய்ப்பும் அதில் உண்டு. தகுதியில் அவர் பின்தங்கியவர் அல்லர். ஆயினும் கருவூலம் நிறைந்திருந்தால் இந்த முடிவு இதே விதமாக அமைந்திருக்குமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

ஹிசோரில் வெற்றி, டாக்காவில் வீழ்ச்சி

முதல் சோதனை மத்திய ஆசிய நாடுகளின் கோப்பைப் போட்டி. லீக் நடைபெறாததால் வீரர்களுக்கு ஆட்டப் பயிற்சி குறைவு. மோகன் பகான் தன் வீரர்களை விடுவிக்கவில்லை. சுனில் சேத்ரியை ஜமீல் அணியில் சேர்க்கவில்லை. 2025 ஆகஸ்ட் 29 அன்று ஹிசோர் நகரில் போட்டியை நடத்திய தஜிகிஸ்தானை எதிர்கொண்ட இந்தியா, முதல் 13 நிமிடங்களுக்குள் அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன் ஆகிய இரு தற்காப்பு வீரர்களின் கோல்களால் முன்னிலை பெற்றது. பின்னர் குர்பிரீத் சிங் சந்து ஒரு பெனால்டியைத் தடுத்தார். 2-1 என வெற்றி. தஜிகிஸ்தானை இந்தியா இதற்கு முன் வென்றது 2008 ஆகஸ்டில், தில்லியின் அம்பேத்கர் மைதானத்தில் நடந்த ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியில். சேத்ரி மூன்று கோல்கள் அடித்த அந்த 4-1 வெற்றிக்குப் பின் 17 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஈரானிடம் 0-3 எனத் தோல்வி, ஆப்கானிஸ்தானுடன் கோலின்றிச் சமன். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தரவரிசையில் மிக உயரத்தில் இருந்த ஓமன் முன்னிலை பெற, 80-ஆவது நிமிடத்தில் உதாந்தா சிங் சமன் செய்தார். பெனால்டிகளில் இந்தியா 3-2 என வென்றது. மும்பையிலும் அய்ஸாலிலும் பழகிய அதே முறை தேசிய அணிக்கும் பலன் தந்தது.

ஆனால் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் தேவை வேறு. அங்கே சமன்கள் போதா, வென்றாக வேண்டும். அக்டோபர் 9 அன்று சிங்கப்பூரில் ஜிங்கன் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேருடன் ஆடிய இந்தியா 90-ஆவது நிமிடத்தில் ரஹீம் அலியின் கோலால் 1-1 எனத் தப்பித்தது. ஐந்து நாட்களுக்குப் பின் மட்காவில் லாலியன்சுவாலா சாங்தே அருமையான கோல் அடித்து முன்னிலை தந்தார். அதைக் காக்க முடியவில்லை. சோங் உய் யங் அடித்த இரு கோல்களால் சிங்கப்பூர் 2-1 என வென்றது. இந்தியாவின் வாய்ப்பு அங்கேயே முடிந்தது. பின்னர் சிங்கப்பூர் அப்பிரிவிலிருந்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

நவம்பர் 18 அன்று டாக்காவில் நடந்த ஆட்டத்துக்குத் தகுதி அடிப்படையில் எந்த மதிப்பும் இல்லை. ஆயினும் அதுதான் அதிகம் வலித்தது. ஷேக் மொர்சாலினின் கோலால் வங்கதேசம் 1-0 என வென்றது. அந்நாட்டிடம் இந்தியா 22 ஆண்டுகளில் தோற்றது அதுவே முதல் முறை. சிறிய அணியைப் பெரிய அணிக்கு எதிராக நிறுத்தத் தெரிந்த பயிற்சியாளர், தம் அணியே பெரிய அணியாகக் கருதப்படும் ஆட்டத்தில் கோல் தேடித் திணறியதை டாக்கா காட்டியது. கொல்கத்தாவில் எழுந்த அதே சிக்கல் இது.

இதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. லீக்கே நடக்காத நாட்டின் வீரர்களைக் கொண்டு, லீக் ஆடிவரும் நாடுகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியக் கழகங்களில் முன்கள இடங்களை வெளிநாட்டு வீரர்களே நிரப்புவதால், சேத்ரிக்குப் பின் கோல் அடிக்கும் இந்தியர் ஒருவரை எந்தப் பயிற்சியாளராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியை உருவாக்கிய ஹைதராபாதின் சையது அப்துல் ரஹீமுக்கு சுனி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜி, பலராம் என மூன்று முன்கள வீரர்கள் ஒரே நேரத்தில் கிடைத்திருந்தனர்.

ஜமீல் திறந்த வழியில் வேறு சிலரும் நடக்கத் தொடங்கியுள்ளனர். 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வென்று தந்த கோவாவின் முன்னாள் நடுக்கள வீரர் கிளிஃபோர்டு மிராண்டாவை, 2025-இல் சென்னையின் எஃப்சி தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. அதற்கு முன் 2022-இல் அந்த அணிக்குத் தமிழகத்தின் சையத் சாபிர் பாஷா பொறுப்பேற்றிருந்தார், அதுவும் வெளிநாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்ட பின் பருவத்தின் இறுதிக் கட்டத்தில் இடைக்காலமாகத்தான்.

24 அணிகள் பங்கேற்கும் அடுத்த ஆசியக் கோப்பை 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் தொடங்குகிறது. இந்தியா அதில் இல்லை. ஜமீலின் ஒப்பந்தம் அதே ஆண்டு ஆகஸ்டு வரை நீடிக்கிறது.